வீரபத்திரன் பெயருக்கு ஓர் அர்ச்சனை

அன்பு மகன் அன்பரசுக்கு,

ஆரணியிலிருந்து அப்பா தருமன் எழுதுவது. நாங்கள் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று தொடங்கித்தான் பழக்கம், தொடங்கிவிட்டேன். உடம்பு நலம்தான். உன் அம்மாவுக்கு முட்டிவலி, அது எப்போதும் இருப்பது. எனக்கு வயிற்றெரிச்சல், அதற்கு மருந்துக்கடையில் மாத்திரை கிடையாது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சிரித்து மழுப்புகிறாய், இல்லாவிட்டால் சிக்னல் போய்விடுகிறது, அதுவும் இல்லையென்றால் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று ஆரம்பித்துவிடுகிறாள். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது. தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்.

ஆவணியில் நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். யப்பா நாம ஜெயிச்சிட்டோம்பா, இன்னும் மூணு வருசத்துக்கு வீரபத்ராவ நிறுத்தமாட்டாங்களாம், டிவியில சொல்லிட்டாங்க, அம்மாகிட்ட சொல்லுப்பா என்று ஒரே கூச்சல், பின்னால் உன் கூட்டாளிகள் விசில் வேறு. அதை நான் எங்கே இருந்து கேட்டேன் தெரியுமா. சேத்துப்பட்டில், உன் மாமன் வீட்டில், உன் தங்கை இனியாவின் வளைகாப்புப் பந்தலில். போனைக் காதில் வைக்கத் தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன். கையில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. நாங்கள் கொண்டுபோன பட்டுப்புடவையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவங்கவங்க வேலயப் பாருங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நீ ஜெயித்தாய் அல்லவா, உன்னிடம் தோற்றவள் யார் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், நீ மறந்துவிட்டாற்போல இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நீயும் உன்னோடு இருந்த சிப்பாய்களும் பனிப்பள்ளத்தில் மாட்டிக்கொண்டீர்கள், மேலேயிருந்து எதிரிகள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள் என்றும், ரேடியோவில் கூப்பிட்டதும் அந்தப் பழைய விமானம் மலைக்கு நடுவில் தாழ வந்து, எது நம் ஆள் எது அவன் ஆள் என்று பார்த்து அடித்துவிட்டுப் போனது என்றும் நீ சொன்னபோது உன் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு நீங்கள் வீரபத்ரா என்று செல்லப்பெயர் வைத்திருப்பதாகச் சொன்னாய். அன்றைக்கே அவள் படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டாள். அது முதல் ஆடி வெள்ளி தவறாமல் வீரபத்திரன் என்ற பெயருக்கு அர்ச்சனை, கார்த்திகை நட்சத்திரம், ஏனென்றால் அது உன்னிடம் வந்து சேர்ந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். விமானம் என்று அர்ச்சகரிடம் சொல்லவில்லை, சொன்னால் செய்யமாட்டார் என்று பயம். அவரும் எங்கள் பிள்ளைக்கு என்று நினைத்துக்கொண்டு, போன வருஷம், பையனுக்கு இன்னும் கல்யாணம் கூடி வரலியாம்மா என்று கேட்டார். உன் அம்மா முகம் மாறாமல், வயசு ஆயிடுச்சி சாமி, ஆனா வேலயில இருக்கான் என்றாள். நானும்தான் சிரித்தேன். சாமி அறையில் ரேணுகாம்பாளுக்குப் பக்கத்தில் அந்த விமானத்தின் போட்டோ, சந்தனம் குங்குமத்தோடு. உன்னைத் திருப்பிக் கொடுத்த கடவுள் அது, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதே விமானத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவனும் நம் வீட்டுப் பிள்ளைதானே. அருள்மணியும் நீயும் ஒரே சைக்கிளில் சுற்றியவர்கள். அம்மாவின் அண்ணன் மகன், இப்போது உன் தங்கை புருஷன். இந்த வருஷம் மட்டும் அந்த வகை விமானத்தில் இரண்டு விழுந்துவிட்டது. ஒன்றில் ஓட்டியவன் குதித்துத் தப்பிவிட்டான், இன்னொன்றில் முடியவில்லை. முடியாதவன் வீடு இனியா குடியிருந்த குவார்ட்டர்ஸில் அடுத்த வீடு. அவன் மனைவி ராதிகாவுக்கு ஒரு வாரம் இவள்தான் சோறு ஊட்டியிருக்கிறாள், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு. சவப்பெட்டியைத் தூக்கியதில் அருள்மணியும் ஒருவன். அதற்குப் பிறகுதான் இனியா ஊருக்கு வந்தாள். வந்து இறங்கியவள் பஸ் ஸ்டாண்டு முனையில் எதைப் பார்த்தாள் என்று சொல்லவா. உன்னைத்தான். முன்னாள் படைவீரர் சங்கத்துத் தசரதன் வைத்த பேனர், ஒரு பக்கம் விமானம், ஒரு பக்கம் நீ, நடுவில் காத்த கரத்தை வெட்டாதே என்று பனைமரம் உயரத்துக்கு எழுத்து. நீ சித்திரை லீவில் வந்து அவர்கள் கூட்டத்தில் பேசினாயே, வீரபத்ரா இல்லன்னா நான் இல்ல, எங்களுக்கு அத விட்டா வேற நாதி இல்ல என்று, அதை யாரோ போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பி, டிவிக்காரன் வரைக்கும் போய்விட்டது. உன் பெரிய அதிகாரி உன்னைக் கூப்பிட்டுத் திட்டினார் என்று கேள்விப்பட்டு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த விமானத்தை நிறுத்தலாமா வேண்டாமா என்ற டிவி விவாதங்களை நானும் பார்த்துத் தொலைத்தேன். கோட்டுப் போட்ட ஒருவன், அது கிழடு, ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட்டுகிறார்கள், நிறுத்து என்கிறான். மீசை வைத்த இன்னொருவன், அதைப் போலத் தாழ வந்து கண்ணால் பார்த்து அடிக்க வேறு எது இருக்கிறது, புதுசு வரட்டும், பிறகு நிறுத்து என்கிறான். புதுசு எப்போது வரும் என்றால் நம்ம ஊருக்குள் ரயில் வருகிற கதைதான். இரண்டு பேரும் சொல்வது உண்மை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒருவன் பொய் சொன்னால் காறித் துப்பிவிட்டுத் தறியில் உட்காரலாம். விவாதம் முடிந்ததும் இரண்டு பேரும் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை கீழேயும் இல்லை மேலேயும் இல்லை. என் வீட்டில் ஒன்று கீழே இருக்கிறது, ஒன்று மேலே இருக்கிறது.

ஆடி இரண்டாம் வெள்ளி என்ன நடந்தது என்று உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், நான் சொல்கிறேன். மூன்று பேரும் படவேட்டுக்குப் போனோம். கூட்டம் நெரிந்தது, இனியாவுக்கு அப்போது ஆறு மாதம், ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, வீரபத்திரன், கார்த்திகை, வழக்கம் போலதானம்மா என்று கேட்டார். ஆமாம் சாமி, ஆயுசு கெட்டியா இருக்கணும்னு சொல்லுங்க, இன்னும் நெறய வருசம் என்றாள் உன் அம்மா. அப்போது இனியா தட்டைப் பிடித்துக்கொண்டாள். சாமி, அந்தப் பேருக்குச் செய்யாதீங்க, அது ஜல்தி ஒழியணும்னு நான் இதே அம்மாகிட்ட வேண்டிகினு வந்திருக்கேன் என்றாள். அர்ச்சகர் பதறிப்போய், இன்னாம்மா இது, சின்னப் பையனப் போய் என்றார். பையன் இல்ல சாமி, பிளேன், என் புருசன் அதுல போறாரு என்றாள். என் புள்ள அதனாலதான்டி உசுரோட இருக்கான் என்று உன் அம்மா. எனக்கும் ஒரு புள்ள வருதும்மா, அதுக்கு அப்பன் வேணாமா என்று இவள். பின்னால் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள். அர்ச்சகர் பாவம், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நீங்க பெரியவர், யார் பேருக்கு சொல்லட்டும்னு சொல்லுங்க என்று. எந்தத் தகப்பனும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது அன்பு. பேர் சொல்லாமலே தீபாராதனை காட்டச் சொன்னேன். திரும்பி வர பஸ் கிடைக்காமல் மூன்று பேரும் ஒரே புளியமரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குத்தான் அழைத்து வர வேண்டும். வளைகாப்பு முடிந்து கூப்பிட்டதற்கு, அந்த போட்டோ இருக்கற வூட்டுல நான் படுக்கமாட்டேன் என்றுவிட்டாள். உன் அம்மாவோ, பூ வெச்ச சாமிய எறக்கமாட்டேன் என்று அப்படியே நிற்கிறாள். ஒருத்திக்கு ஒருத்தி இளைத்தவள் இல்லை, என் பாடு பேஜாராகிவிட்டது. கடைசியில் சேத்துப்பட்டிலேயே இருக்கிறாள். பெண்ணைக் கூட்டி வர வக்கில்லாதவர்கள் என்று தெருவில் பேசுகிறார்கள், பேசட்டும், தெருவில் இருப்பவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே. தொட்டில் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், அது பாட்டுக்கு மூலையில் கிடக்கிறது.

அருள்மணியிடம் நான் போனில் பேசினேன். நீயாவது நிறுத்தணும்னு நாலு பேர்கிட்ட சொல்லக்கூடாதா என்று கேட்டேன். அவன் உன்னைப் போலக் கூச்சல் போடுகிறவன் இல்லை. அன்பு சொல்றது தப்பு இல்ல மாமா, கீழ மாட்டிகினு இருக்கறவனுக்கு நாங்கதான், கூப்ட்டா போவோம், ஆனா ஒவ்வொரு வாட்டியும் ஏறும்போது இனியா மொகம் ஞாபகம் வருது, அதையும் சொல்லாம இருக்க முடியல என்றான். உன் மேல் அவனுக்குத் துளி வருத்தம் இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன்.

இப்போது புது செய்தி. அவனை மாற்றிவிட்டார்கள். உன் மலைக்குக் கீழே இருக்கும் தளத்துக்குத்தான், இந்த மாதமே. நீ ரேடியோவில் கூப்பிட்டால் இனிமேல் வருகிறவன் யாரோ முகம் தெரியாத புண்ணியவான் இல்லை, உன் மச்சான். அவன் இதை உனக்குச் சொல்லியிருக்கமாட்டான், சொன்னால் நீ கூப்பிடத் தயங்குவாய் என்று நினைத்திருப்பான். நான் சொல்லிவிட்டேன், தெரிந்துகொள்ள வேண்டியவன் நீ.

உத்தரவு வந்த மறுநாள் இனியா போன் செய்தாள். ஆவணிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மாவிடம் பேசினாள். எம்மா, இந்த வெள்ளிக்கிழம படவேட்டுக்குப் போ, அந்தப் பேருக்கே அர்ச்சன பண்ணு, ஆயுசு கெட்டியா இருக்கணும்னு சொல்லு, மூணு வருசம் அது எங்கயும் விழாம இருக்கணும், நான் வேண்டிகினத அம்மாகிட்ட திருப்பி வாங்கிகினேன்னு சொல்லிடு என்றாள். என் மகள் இவ்வளவு பணிந்து நான் பார்த்ததில்லை. உன் அம்மா போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போனோம். வீரபத்திரன், கார்த்திகை நட்சத்திரம் என்று அர்ச்சகரே சொல்லிவிட்டு உன் அம்மாவைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே தலையை மட்டும் ஆட்டினாள். எது ஒழிய வேண்டும் என்று வயிறு எரிந்து கேட்டாளோ, அதற்கே ஆயுசு கேட்க வைத்துவிட்டீர்கள் என் பெண்ணை. இதைத்தான் நீ ஜெயிச்சிட்டோம் என்றாய்.

தசரதனிடம் சொல்லி அந்தப் பேனரைக் கழற்ற வைத்துவிட்டேன், அவனுக்கு என் மேல் கோபம். குளிருக்கு அம்மா பின்னிய குல்லாய் பார்சலில் வருகிறது, கூச்சப்படாமல் போட்டுக்கொள். ரேணுகாம்பாள் உன்னையும் காப்பாற்றட்டும், அருள்மணியையும் காப்பாற்றட்டும், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று மட்டும் அவள் சொல்லாமல் இருக்கட்டும். மறக்காமல் உன் தங்கைக்குப் போன் செய். எடுக்கமாட்டாள், எடுக்கும் வரை செய், எடுத்தால் ஜெயித்ததைப் பற்றிப் பேசாதே. நீ ஜாக்கிரதையாக இரு. ஆபத்து என்றால் கூப்பிடாதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கூப்பிடு என்று எழுதவும் கை வரவில்லை.

இப்படிக்கு
உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா,
தருமன்