உட்கார்ந்திருந்த வரிசை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள் இருந்துகொண்டே உன்னைத் தூங்கவிடாமல் உதைக்கிற அந்த வாண்டும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். பிரசவத்துக்கு அம்மா வருவாளா மாட்டாளா என்று நீ போனில் கேட்டபோது அப்பா "பாக்கலாம்மா, பாக்கலாம்" என்று மழுப்பிவிட்டு போனை என் கையில் திணித்ததும், நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடியதும் உனக்குக் கோபமாக இருந்திருக்கும். அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை. என்ன சொல்வது என்று எனக்கே தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். இப்போது தெரியும். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், உன்னைக் கேட்டு நானும் அழுவேன், விஷயம் போய்ச் சேராது, அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படி, நடுவில் பதறி போன் போடாதே.

எங்கள் தையல் கூடத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வுப் பெண் வந்தாள். உன்னைவிடச் சின்னவள், தோளில் அவளைவிடப் பெரிய பை. நாளெல்லாம் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் அவ்வப்போது எழுந்து கொஞ்சம் நடந்தால் உடம்புக்கு என்ன மாற்றம் வருகிறது என்று பார்க்கிறார்களாம். தொடையில் ஒட்டிக்கொள்ள தீப்பெட்டி அளவில் ஒரு கருவி கொடுத்தாள், நாம் எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம், எப்போது எழுந்தோம் என்று அது குறித்துக்கொள்ளுமாம். பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்டு எங்களை இரண்டாகப் பிரித்தாள். ஜன்னல் பக்க வரிசை மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வரவேண்டும். சுவர்ப் பக்க வரிசை எப்போதும்போல இருக்கவேண்டும், அப்போதுதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்றாள். எனக்குச் சுவர்ப் பக்கம் விழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மகா சந்தோஷம். ஒரு காலர் தைத்து முடிப்பதற்குள் எழுந்திரு, உட்கார் என்றால் யாருக்குப் பிடிக்கும்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் புத்தி வேலை செய்தது. வெட்டிய துணிக்கட்டைக் கட்டிங் மேஜையிலிருந்து அவரவரே போய் எடுத்து வருவதுதான் எங்கள் வழக்கம். தண்ணீரும் அப்படித்தான், நூல் தீர்ந்தாலும் அப்படித்தான். மணி அடித்து ஜன்னல் வரிசை எழுந்ததும், சும்மா கையை வீசிக்கொண்டு நடக்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அதில் ஒருத்திக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர், நடையும் பேச்சும் அப்படி. அவள்தான் முதலில் "எப்படியும் நடக்கத்தானே போறேன், உங்க கட்டையும் எடுத்துட்டு வரேன், பாட்டிலைக் குடுங்கக்கா" என்றாள். மறுநாள் நாங்களே கேட்டோம். அதற்கடுத்த நாள் கேட்காமலே வந்தது. சூப்பர்வைசருக்கும் திருப்தி, பாதிப் பேராவது இடத்தை விட்டு அசையவில்லையே என்று. நாங்கள் மகாராணிகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம், மெஷினைத் தவிர எங்கள் பக்கத்தில் எதுவும் அசையவில்லை.

அந்த நாட்களில்தான் என் இடது கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் சாயங்காலம் மட்டும் செருப்பு வார் இறுக்கியது, பிறகு மத்தியானமே இறுக்கியது. வயசு என்று விட்டுவிட்டேன். அப்பாதான் பிடிவாதமாக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் கட்டை விரலால் அழுத்தினார், மாவில் அழுத்தியதுபோல் குழி விழுந்து அப்படியே நின்றது. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கட்டு எதுவும் இல்லை, அதனால் நீ பயப்படவேண்டாம். ஆனால் கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் காலுக்கு இறங்கிய ரத்தம் ஒழுங்காக மேலே ஏறும் என்றும், எனக்கு அது தேங்கி நிற்கிறது என்றும் சொன்னார். காலையிலிருந்து ராத்திரி வரை உழைக்கிற உடம்பு டாக்டர் என்றேன். "உழைக்கிறீங்கம்மா, அசையறதுதான் இல்ல" என்றார். உன்னிடம் வரவேண்டிய விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. இந்த வீக்கத்தோடு அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார என்னால் சம்மதிக்க முடியாது, முதலில் நடங்கள், குறைந்தால் பேசலாம் என்று முடித்துவிட்டார். நீ போன் செய்தது அன்றைக்குச் சாயங்காலம். இப்போது புரிகிறதா அப்பா ஏன் மழுப்பினார் என்று?

மறுநாள் அந்த ஆய்வுப் பெண்ணிடம் போய் என்னை ஜன்னல் வரிசைக்கு மாற்றிவிடு என்று கேட்டேன். சீட்டில் விழுந்ததை மாற்றினால் ஆய்வு கெட்டுவிடும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை என்றாள். எனக்கு மனசு வரவில்லை. கடைசி வரை இருக்கிறேன் என்று வார்த்தை கொடுத்துவிட்டு நடுவில் கழன்றுகொள்வதா? வீட்டில் வந்து புலம்பினேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு "கால் உன்னோடதா, பல்கலைக்கழகத்தோடதா?" என்றார். உன் அப்பா எப்போதாவதுதான் உருப்படியாகப் பேசுவார், பேசினால் கேட்டுக்கொள்ளவேண்டும். காலையில் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். என் துணிக்கட்டை எடுக்க நானே எழுந்தேன், எக்ஸ்பிரஸுக்கு வந்ததே கோபம். "நான் எடுத்துத் தரமாட்டேன்னா சொன்னேன், என் மேல என்னக்கா வருத்தம்?" என்று கண் கலங்கிவிட்டாள். அவளைச் சமாதானம் செய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த வாரமே ஆய்வுப் பெண் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எப்போதும்போல இருக்கவேண்டிய சுவர் வரிசை, முன்பைவிட அதிகமாக உட்கார்ந்திருக்கிறது என்று கருவி காட்டுகிறதாம், ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. எங்களைக் கேட்டாள், எப்போதும்போலத்தான் இருக்கிறோம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். மனசறிந்த பொய் இல்லை, கட்டும் தண்ணீரும் கைக்கே வந்ததை ஒரு மாற்றமாகச் சொல்ல எனக்கும்கூடத் தோன்றவில்லை. அவள் விடாமல் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். மணி அடித்தது, ஜன்னல் வரிசை எழுந்தது, கட்டுகளும் பாட்டில்களும் வரிசையாகச் சுவர்ப் பக்கம் வந்து இறங்கின. அவள் தலையில் கை வைத்தாள், பிறகு சிரித்தாள், என் காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "எங்களாலதானேம்மா" என்றாள். நீ என்னம்மா செய்வாய், உட்கார வைத்து உபசரித்தால் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை என்று அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். பாவம், அவள் வேறொரு கூடத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டுமாம். எங்கள் கூடத்தில் இப்போது மணி எல்லோருக்கும்தான், அவரவர் கட்டை அவரவரே எடுக்கிறோம்.

சாயங்காலம் அப்பாவோடு நடக்கிறேன். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர், "உட்கார்ந்துக்கிட்டே ஊரைச் சுத்தினவன் நான், என்னைப் போய் நடக்கச் சொல்றியே" என்று முதல் நாள் அலுத்துக்கொண்டார். இப்போது எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். போகிற வழியில் வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் நின்று பார்த்து, டிரைவர் கியர் மாற்றுவது சரியில்லை என்று குறை சொல்லிவிட்டுத்தான் நகர்வார். நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம், ஆனாலும் போகிறோம்.

நேற்று டாக்டர் மறுபடி அழுத்திப் பார்த்தார். குழி லேசாக விழுந்து உடனே நிரம்பிவிட்டது. போய்விட்டு வாருங்கள் என்றார். இறுக்கமான காலுறை போடவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும், விமானத்தில் அடிக்கடி எழுந்து நடக்கவேண்டும், அவ்வளவுதான். வெளியே வந்து மாடிப்படியில் நின்று அழுதேன், அப்பா யாரோ பார்க்கிறார்கள் என்று கைக்குட்டையை நீட்டினார், பிறகு அதை அவரே வாங்கித் துடைத்துக்கொண்டார். எனக்குக் கால் வீங்கியதில்கூடப் பயம் இல்லையம்மா. நீ வலியில் "அம்மா" என்று கூப்பிடுகிற நேரத்தில், நான் இங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போன் அடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பேனோ என்பதுதான் இத்தனை நாளும் என் பயமெல்லாம்.

மாப்பிள்ளை உன்னை எழவே விடாமல் எல்லாவற்றையும் கையில் கொண்டுவந்து தருகிறார் என்று பெருமையாகச் சொன்னாய். தங்கமான பிள்ளை, கோபித்துக்கொள்ளாதே. ஆனால் உன் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, தண்ணீரையாவது நீயே போய் எடுத்துக் குடி. கம்ப்யூட்டர் முன்னால் ஒரே இருப்பாக இருக்காதே. நீயும் உன் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்கவேண்டும், அப்பாவின் ஆசியும் இதோடு சேர்ந்தது.

ஒன்று மறக்காமல் மாப்பிள்ளையிடம் சொல். டிக்கெட் எடுக்கும்போது எனக்கு ஜன்னல் ஓரம் வேண்டாம், நடைபாதை ஓரமாக எடுக்கச் சொல். எழுந்து எழுந்து நடந்தே உன்னிடம் வந்துவிடுகிறேன்.

உன் அம்மா