விழாமல் ஆடிய வாரம்

அண்ணா,

இன்று காலை அம்மாவின் காலுக்கு மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நெடியோடு நீயும் வந்துவிட்டாய், வீங்கிய முழங்காலை நீட்டிக்கொண்டு, எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில்.

சீரியலில் அசட்டு மாப்பிள்ளையாக வந்து பேர் வாங்கியவன் நீ. டிவியில் பிரபலங்கள் ஆடும் நடனப் போட்டிக்கு உன்னைக் கூப்பிட்டபோது எங்கள் டவுன்ஷிப் பிளாக்கே கொண்டாடியது. முதல் வாரம் வேட்டி தடுக்கி நிஜமாகவே விழுந்தாய். நடுவர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். அதிலிருந்து நிகழ்ச்சிக்காரர்கள் ஒவ்வொரு வாரமும் விழச் சொன்னார்கள். நன்றாக ஆடியவர்கள் வெளியேற, ஜனங்கள் ஓட்டுப் போட்டு உன்னை நிறுத்திவைத்தார்கள். நடுவில் விலக ஒப்பந்தத்தில் வழியில்லை. "தோத்துட்டு வந்துடலாம்னு பாத்தா விடமாட்டேங்கறாங்கடி" என்றாய்.

ஒருமுறை லீவில் வந்தபோது சோபாவைச் சுவரோரம் தள்ளினாய். "இந்த வாரம் விழாம ஆடப்போறேன். நீ பாத்துச் சொல்லு."

நைட் ஷிப்ட் முடித்து வந்த என் கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் பாட்டில்லை, நான் தாளத்தை முணுமுணுத்தேன், நீ ஆடினாய். பருத்த உடம்புதான். ஆனால் தரையில் பாதம் படும் சத்தம்கூட இல்லை.

டிவியிலும் அப்படியே ஆடினாய். கேமரா நடுவர்களைக் காட்டியபோது எல்லோரும் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. கைதட்டலே இல்லை.

"என்ன சார், விழ மறந்துட்டீங்களா?" என்றார் தொகுப்பாளர்.

நீ அவரைப் பார்த்துச் சிரித்தாய். பிறகு தொப்பென்று விழுந்தாய். அரங்கமே அதிர்ந்தது.

"எதுக்குடி வுழுந்தான்? நல்லாத்தான ஆடிக்கினு இருந்தான்?" என்று ஊரிலிருந்து வந்திருந்த அம்மா என்னைக் கேட்டாள்.

அதே மாதம் எங்கள் ஊர் குள்ளஞ்சாவடியில் அப்பா இறந்தார். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த உனக்கு, வாராவாரம் விழுந்து வீங்கிய அந்த முழங்கால் மடங்கிவிட்டது. சட்டி கவிழாமல் தூக்கிப் பிடித்தபடியே மண்ணில் சரிந்தாய். தெருமுனையில் பெண்களோடு நின்ற எனக்குக் கூட்டத்துக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. இரண்டு மூன்று செல்போன்கள் உயர்ந்தன. நீ யாரையும் பார்க்காமல் எழுந்து நடந்தாய்.

"அவங்கள என்னா சொல்றது? விழுந்தா சிரிக்கணும்னு நான்தான பழக்கிவுட்டேன்" என்றாய் சாயங்காலம். மறுநாள் ஷூட்டிங்குக்குப் போனாய். விழுந்தாய்.

போட்டி முடிந்த பிறகும் உன்னை விடவில்லை. கல்யாண வீட்டில், பஸ் ஸ்டாண்டில், மருந்துக்கடை வாசலில், "அண்ணே, ஒரு தடவ விழுங்கண்ணே." மறுக்கத் தெரியாமல் சிரித்துக்கொண்டே நிற்பாய். மாரடைப்பில் நீ போனதுதான் உனக்கு விடுதலை என்று நினைத்தேன்.

அதுவும் இல்லை. டவுன்ஷிப்பில் நடந்த இரங்கல் கூட்டத்தில், நீ விழுந்ததையெல்லாம் ஒன்றாகக் கோத்துத் திரையில் போட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர்களும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

"எங்க அண்ணன் ரொம்ப நல்லா ஆடுவாரு" என்றேன்.

நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள். கூட்டம் முழுவதும் ஒரே சிரிப்பு.

மைக்கைப் பிடித்தபடி நின்றேன், அண்ணா. சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்தேன். ஓய்ந்ததும் மறுபடியும் அதையே சொன்னேன். இப்போதும், யார் கேட்டாலும், அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.