கவசம் என்று நீ அனுப்பியது

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாலு எழுதிக்கொள்வது. நலம் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. பொய் எதற்கு என்று விட்டுவிட்டேன். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். அதில் பொய் இல்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விட்டாய்? விடிந்ததும் முகத்தைக் காட்டுவாய், "முழுங்கிட்டியா? வாயைத் திற பாப்போம்" என்பாய், நான் ஆவென்று திறந்து காட்டுவேன், சரி வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுவாய். இன்னொன்று, இந்தக் கையெழுத்தை நீ பார்க்க வேண்டும். கோழிக் கிறுக்கலாக இருக்கிறதா? உன் மருமகள், "நீ சொல்லும்மா, நான் எழுதறேன்" என்று பேனாவை வாங்க வந்தாள். கொடுக்கவில்லை. பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதிச் சாப்பிட்ட கை இது.

இப்போது பெயர் எழுதுவதில்லை. முதலாளியம்மா தங்கமான மனுஷி, வீட்டுக்குப் போ என்று சொல்லாமல் அட்டைப்பெட்டி மடிக்க உட்கார வைத்திருக்கிறார். கடைசியாக ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக். க்ரீம் கோனை அழுத்துகிறேன், பெயரின் கடைசி எழுத்து வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விட்டது. வழித்தெடுத்துவிட்டு மறுபடி எழுதினேன், மறுபடியும் போனது. குழந்தையின் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, அதுக்கு என்ன படிக்கவா தெரியும்" என்று எடுத்துக்கொண்டு போனார். அந்த மனுஷன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கிற இந்த வியாதிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் வைத்த அன்று உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். கொஞ்ச நாளில் பார்சல் வந்தது. மீன் எண்ணெய், மஞ்சள் மாத்திரை, வைட்டமின் டி, அப்புறம் அந்தப் பச்சை மூடி டப்பா. முடி வளரும் என்று பெண்கள் வாங்குகிற பயோட்டின்தான், அளவு மட்டும் பல மடங்கு. "மூளைக்கு இது கவசம்டி. நான் எவ்வளவு படிச்சிருக்கேன் தெரியுமா? டாக்டர்கிட்ட மட்டும் மூச்சு விடாதே, நிறுத்தச் சொல்லிடுவாங்க" என்றாய். சரி என்றேன். நீ சொன்னால் கிணற்றில் குதிக்கிறவள்தானே நான்.

நரம்பு டாக்டர் எனக்கு ட்ரிப்பில் ஏற்றும் மருந்து ஒன்றைத் தொடங்குவதாக இருந்தார். அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. அதில் தைராய்டு தலைகால் தெரியாமல் ஆடுவதாக வந்தது. முதலில் அதை அடக்குவோம், அப்புறம் ட்ரிப் என்று சொல்லிவிட்டார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். உன் மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். நான் இல்லை என்றேன்.

தைராய்டை அடக்கும் மாத்திரை என்னை அடக்கியது. முகம் வீங்கி, வெயிலிலும் குளிரெடுத்து, உட்கார்ந்த இடத்தில் தூங்கினேன். ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரச் சொல்வார்கள். காபி குடிக்காமல்தான் போனேன். ஆனால் கிளம்பும் நேரத்தில் நீ போனில் இருப்பாயே! தண்ணீர் ஊற்றி உன் கவசத்தை முழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனேன். ஒவ்வொரு முறையும் அதே முடிவு, மாத்திரையைக் கூட்டினார்கள், ட்ரிப் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் வியாதி சும்மா இருக்குமா? ஒருநாள் காலையில் சீப்பை எடுத்தேன், அது விரலில் நிற்கவில்லை.

அதற்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தைராய்டு டாக்டர் வந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்துக் குழம்பினார். பரிசோதனைக் காகிதத்தில் குதிரை ஓடுகிறது, இந்தம்மா நாடியோ நகரவே மாட்டேன் என்கிறது என்றார். அதிர்ந்து பேசாத உன் மாப்பிள்ளை அன்று எழுந்து என் பையைக் கட்டில் மேல் கவிழ்த்தார். டப்பாக்கள் உருண்டன. டாக்டர் பச்சை மூடியை எடுத்துப் படித்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் அந்தப் பரிசோதனையே ஏமாந்துபோகுமாம். எனக்குத் தைராய்டில் கோளாறே இல்லையாம். நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், அப்படித்தான் இருந்தது.

என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. வைட்டமின் டி மட்டும் அவர் சொன்ன அளவில் இருக்கட்டும், மற்றதெல்லாம் மூளையைக் காக்கும் என்பதற்கு உறுதி இல்லை, பயோட்டினை இந்த வியாதிக்கே கொடுத்துப் பார்த்துக் கைவிட்டார்கள் என்றார். கை திரும்புமா என்று கேட்டேன். "ட்ரிப் இனிமே வர்றதைத் தடுக்கப் பார்க்கும்மா. போனதுல எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

எனக்குக் கோபம் வருகிறது அண்ணா. வியாதி நீ தந்ததில்லை, தெரியும். நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய், அதுவும் தெரியும். ஆனாலும் வயிறெரிகிறது. அண்ணன் கொடுத்தான், வாங்கிக்கொண்டேன், யாரை நோக?

அம்மா படுத்தபோது காற்று மெத்தை அனுப்பினாய். நல்ல மெத்தைதான், முதுகில் ஒரு புண் வரவில்லை. அம்மா அதில் படுத்துக்கொண்டு கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன்மேல் பாசம் இல்லை என்று நான் சொல்வேனா? உனக்குப் பயம். படுத்திருப்பவர்களைப் பார்க்கப் பயம். அதனால் பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்பிவிடுகிறாய்.

நேற்றும் ஒரு பெட்டி வந்தது. பிரிக்கவில்லை. உன் மாப்பிள்ளை அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்திருக்கிறார், கட்டிலைக் கீழறைக்கு இறக்கிவிட்டார். உன் மருமகள் எனக்குத் தலை வாரிவிடுகிறாள், கோணல் வகிடுதான், பழகிவிட்டது. காலையில் நீ கூப்பிட்டால் எடுப்பேன். வாயைத் திறந்து காட்ட மாட்டேன்.

அடுத்த மாதம் ட்ரிப் ஏற்றத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஏறுமாம், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டுமாம். உன் மாப்பிள்ளை இருப்பதாகச் சொன்னார். என் அண்ணன் வருவான் என்று சொல்லிவிட்டேன். நீ சொன்னதையெல்லாம் நான் முழுங்கினேன் அல்லவா, நான் சொல்கிற இந்த ஒன்றை நீ கேள். இந்தத் தடவை வெறுங்கையோடு வா. வந்து என் வலது கையைப் பிடித்துக்கொள். திருப்பி இறுக்கிப் பிடிக்க எனக்கு வராது. நீ பிடித்திருப்பது மட்டும் எனக்குத் தெரியும்.

உன்
வாலு