பக்கிரியின் காது

பாகூர்
விளம்பி வருஷம், மார்கழி 8

மகன் உலகநாதனுக்கு உன் தாய் தையலம்மாள் எழுதுவது. இங்கு நானும் உன் தங்கை ஆதிலட்சுமியும் கறவை மாடும் உயிரோடு இருக்கிறோம். நீயும் மருமகளும் குழந்தையும் சுகம் என்று நீயே நாலு பக்கத்துக்கு எழுதிவிட்டதால் நான் தனியாக விசாரிக்கவில்லை. வழக்கமாகத் தபால்காரரிடம் சொல்லித்தான் எழுதுவேன், இந்த முறை நானே எழுதுகிறேன், இரண்டாம் வகுப்போடு நின்ற கை, ஐந்து நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கோணலாகவே படித்துக்கொள். இதில் உள்ள விஷயம் இன்னொருத்தர் வாய்க்குப் போகக்கூடாது, உன் தங்கை கையால் எழுத வைக்கவும் எனக்கு மனம் இல்லை.

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்துவிட்டது. கீழண்டை வயலில் சம்பா கதிர் வாங்கி நிற்கிறது, எலிதான் பாதியைத் தின்கிறது. எதிர் வீட்டுக் காசம்மாளின் மூத்த மருமகள் சண்டை போட்டுக்கொண்டு தாய்வீடு போனவள் ஆறு மாதமாகத் திரும்பவில்லை. ஆதிலட்சுமியின் கல்யாணப் பேச்சு நின்ற அன்றைக்கு முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தவள் இந்தக் காசம்மாள், எனக்கு மறக்கவில்லை, இப்போது அவள் வாசலைத் தாண்டும்போது வேண்டுமென்றே நிதானமாக நடக்கிறேன், மருமவ வந்துட்டாளா என்று தினமும் ஒரு தரம் கேட்டுவிட்டுப் போகிறேன். உனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறாய். காதை மூடிக்கொள். உனக்குக் காது அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை, மூடினால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை ஆதிலட்சுமி மூன்று முறை படித்துக் காட்டினாள். பாரீஸ் பத்திரிகைக்காரர்கள் உன்னை விளையாட்டுப் படம் எடுக்க அனுப்புகிறார்களாம், முட்டை மாதிரி ஒரு பந்தை வைத்துக்கொண்டு முப்பது பேர் சேற்றில் புரளுகிற ஆட்டமாம், முன்னால் ஓடுகிறவன் பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டுமாம், ஏன் என்று உனக்கே தெரியாதாம். ஆட்டம் புரியாவிட்டால் என்ன, கூட்டத்தின் கண் எங்கே போகிறதோ அங்கே படப்பெட்டியைத் திருப்பினால் படம் விழுந்துவிடும், மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். உன் மேலதிகாரி பழைய படம் ஏதாவது இருந்தால் காட்டு, பார்த்துவிட்டு வேலையை நிரந்தரம் செய்கிறேன் என்றாராம், அதனால் பாகூர் சடுகுடு படத்தின் ஃபிலிமைத் தகரப் பெட்டியில் தேடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய். இதை எழுத உனக்குக் கை கூசவில்லை. படித்துக் காட்டிய உன் தங்கைதான் மூன்று முறையும் அந்த வரியை வேகமாகப் படித்துத் தாண்டினாள்.

உனக்கு மறந்துவிட்டிருந்தால் நான் சொல்கிறேன். வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு வந்த முதல் பொங்கல். காணும் பொங்கல் அன்று ஏரிக்குக் கீழே அறுத்த வயலில் பாகூருக்கும் குருவிநத்தத்துக்கும் சடுகுடு. குருவிநத்தம் பக்கம் உன் தாய்மாமன் மகன் நாகராஜன் ஆடினான், ஆதிலட்சுமிக்கென்று அவள் பிறந்த அன்றே பேசி வைத்தவன். நீ அப்போது புதுச்சேரியில் ஒரு துரையின் ஸ்டூடியோவில் படம் கழுவிக்கொண்டிருந்தாய், கழுத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். எட்டு வயதில் பட்டணத்துக்குப் படிக்கப் போனவன் நீ, ஒரு நாளாவது கோட்டைத் தாண்டி மூச்சுப் பிடித்துப் பாடியதில்லை. கடைசியாக நாகராஜன் பாடிப் போனான். நம் ஊர்ப் பையன்கள் நாலு பேர் அவனைக் கீழே தள்ளி மேலே விழுந்து அமுக்கினார்கள். பெண்கள் நாங்கள் கரைமேல் நின்றோம், எங்களுக்குப் புழுதியும் முதுகுகளும்தான் தெரிந்தன. அவன் ஊர்ந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். மூச்சு விடாமல் தொட்டான் என்று நடுவராக இருந்த பக்கிரி சொன்னார், குருவிநத்தம் ஜெயித்தது. பக்கிரி இந்த ஊரும் இல்லை அந்த ஊரும் இல்லை, சேலியமேட்டுக்காரர், முப்பது வருஷமாக நடுவராக நின்றவர், யாரும் எதிர்த்துப் பேசாமல் கலைந்து போனோம்.

பத்து நாள் கழித்து நீ அந்தப் படத்தைக் கொண்டுவந்தாய். நாகராஜன் மண்ணில் கிடக்கிறான், அவன் கைக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண், உதடு இரண்டும் இறுக மூடியிருக்கிறது. என் மகன் எடுத்த படம் என்று அதைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனவள் நான்தான். அதை நான் மறைக்கவில்லை, அந்தப் பாவத்தில் எனக்குள்ள பங்கை நானே சுமக்கிறேன், உன் பங்கை உனக்கு அனுப்பத்தான் இந்தக் கடிதம். தோற்ற பையன்கள் படத்தைப் பார்த்தார்கள். வாய் மூடிக் கிடக்குது, கோடு இன்னம் தூரத்துல கீது, பாட்டே இல்லாம தொட்டிருக்கான்டா என்றார்கள். நாகராஜன் உதட்டை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே பாட்டை ஓட்டுகிறவன், அதனால்தான் அவனுக்கு மூச்சு அவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஆடத் தெரிந்தவனுக்கெல்லாம் தெரியும், தோற்ற வயிற்றெரிச்சலில் தெரிந்தவனும் தெரியாத மாதிரி இருந்துவிட்டான். பக்கிரியைக் கூட்டி வந்து கோயில் வாசலில் நிறுத்தினார்கள். அவர், நான் மண்ணுல படுத்து அவன் முதுவுல காத வச்சிக் கேட்டேன்பா, பாட்டு அறுவல என்றார். அப்ப படத்துல நீ எங்க கீற, காட்டு என்றார்கள். அந்த மனுஷர் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அவர் இல்லை. உன்னைக் கேட்டார்கள். நீ கால்சட்டைப் பையில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, படத்தில் இருப்பதுதான் நடந்தது என்று சொன்னாய். பட்டணத்துத் தமிழில் சொன்னாய், அதனால் எல்லாரும் நம்பினார்கள்.

அதற்குப் பிறகு நாகராஜன் வண்டி ஓட்டிக்கொண்டு எந்தத் தெருவில் போனாலும் மூச்சுத் திருடன் வரான், மூக்கப் பொத்திக்கோ என்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடின. என் அண்ணன் நிச்சயம் பண்ணிய தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, இனிமே உன் வூட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காது என்று சொல்லிப் போனார். பக்கிரி அதோடு நடுவராக நிற்பதை விட்டார், சந்தைக்குப் போனாலும் படத்துல நீ எங்க கீற என்று கேட்டார்கள், பிறகு சந்தைக்குப் போவதையும் விட்டார், போன வருஷத்துக்கு முந்தின ஆனியில் செத்துப்போனார். பாகூரிலிருந்து ஒருத்தரும் சாவுக்குப் போகவில்லை, நானும் போகவில்லை. நீ அதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டாய். ஆதிலட்சுமிக்கு அப்போது இருபது, இப்போது இருபத்து நாலு. வருகிறவன் எல்லாம், முறை மாப்பிள்ளை இருக்கும்போது ஏன் வெளியே தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து போகிறான்.

நீ கேட்டாய் என்று ஃபிலிமைத் தேடினேன். தகரப் பெட்டியின் அடியில் காகிதத்தில் சுருட்டி வைத்திருந்தாய். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், வெள்ளை கருப்பாகவும் கருப்பு வெள்ளையாகவும் இருந்தது, பேய் மாதிரி மூஞ்சிகள், கொஞ்ச நேரம் கண்ணுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சுவரில் மாட்டிய படத்தையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஃபிலிமில் வலது ஓரத்தில் ஒரு ஆள் இருக்கிறார், படத்தில் இல்லை. மண்ணில் குப்புறப் படுத்து, நாகராஜன் முதுகில் ஒரு காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி மற்றவர்களைச் சத்தம் போடாதே என்று அடக்குகிறார். பக்கிரிதான். மறுநாளே வில்லியனூருக்குப் போய் அங்கே ஸ்டூடியோக்காரனிடம் கொடுத்து முழுசாகப் படம் போடச் சொன்னேன். அவன் பழைய படத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, ஓரத்துல கிழவர் குண்டி தெரிஞ்சா படம் அழகா இருக்காதும்மா, அதான் வெட்டிட்டாங்க என்று சிரித்தான். அழகுக்காக வெட்டினாயோ வேறெதற்காக வெட்டினாயோ நான் கேட்கவில்லை. படுத்துக்கொண்டு கேட்பதுதான் நடுவருடைய வேலை என்று தெரியாதவனுக்கு அது குண்டிதான். ஆனால் கோயில் வாசலில் அந்த மனுஷர் படத்தைத் திருப்பித் திருப்பித் தன்னைத் தேடினபோது நீ மூன்று முழம் தள்ளி நின்றாய், வெட்டின கை உன் கால்சட்டைப் பைக்குள் இருந்தது. அதற்கு உனக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

புதுப் படத்தைத் தூக்கிக்கொண்டு அதே தெருக்களில் மறுபடி போனேன். எங்க கீறாருன்னு கேட்டீங்களே, இதோ பாருங்கடா என்று ஒவ்வொருத்தன் மூஞ்சிக்கு நேராகவும் நீட்டினேன். செத்தவருக்கு இப்ப இன்னாம்மா என்று ஒருத்தன் சொன்னான், அவன் பெயரும் எனக்கு மறக்காது. பிறகு குருவிநத்தம் போனேன், நாலு வருஷம் கழித்து அண்ணன் வீட்டு வாசலை மிதித்தேன். அண்ணனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி சின்னபொண்ணுதான் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நாகராஜன் படத்தை வெகுநேரம் பார்த்தான், தன்னைப் பார்க்கவில்லை, பக்கிரியையே பார்த்தான். அத்தே, ஊரு நம்ப இது போதும், ஆதிய நான் கட்டிக்கறேன், அதுக்குத்தான் நாலு வருசமா குந்திக்கினு கீறேன், ஆனா மச்சான் சொன்ன வார்த்தையாலதான் நான் திருடன் ஆனேன், அத அவருதான் எடுக்கணும், அவரு கையெழுத்து வராம நான் மணையில குந்த மாட்டேன் என்றான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. அவன் கேட்பதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஆதிலட்சுமியிடம் சொன்னேன். அண்ணன் எழுதாதும்மா, எழுதினா அது பெரிய படக்காரன்னு அங்க எப்பிடி சொல்லிக்கும் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். அழவில்லை. நீ அழவைத்த காலமெல்லாம் தாண்டிவிட்டாள்.

ஆகையால் ஃபிலிமை நான் அனுப்பவில்லை. நாகராஜன் கையில் கொடுத்துவிட்டேன். உன் மேலதிகாரிக்குக் காட்ட வேண்டுமானால் அவனுக்கு எழுதிக் கேள், விலாசம் உனக்குத் தெரியும். வெட்டாமல் காட்டு. அங்கே முட்டைப் பந்து ஆடுகிறவர்களையும் நீ எடுக்கத்தான் போகிறாய், பிழைப்பு அது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்டம் தெரிந்த கிழவன் எவனாவது பக்கத்தில் இருந்தால் அவன் காலடியில் போய் நின்று எது தப்பு எது சரி என்று கேட்டுக்கொள். கூட்டத்தின் கண்ணைப் பார்த்து எடுக்காதே, கூட்டத்துக்கு அவரவர் ஊர்தான் கண்ணில் தெரியும். எடுத்த படத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கும் முன் விழுந்து கிடந்தவனிடம் காட்டி, இதுதானா நடந்தது என்று கேள். ஓரத்தில் நிற்கிற ஆள் எதற்காக நிற்கிறான் என்று தெரியாமல் கத்தரியை எடுக்காதே. அங்கேயும் யார் வீட்டிலோ கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கும்.

தை பத்தாம் நாள் வரை தபாலைப் பார்ப்பேன். மாசியில் முகூர்த்தம் இருக்கிறது. உன் கடிதம் வரவில்லை என்றால் பதினொன்றாம் நாள் காலையில் ஏரியில் இறங்கி உனக்காகத் தலைமுழுகிவிட்டு, ஈரப் புடவையோடு குருவிநத்தம் போய், சொன்னவன் செத்துப்போனான்பா, சொன்ன வார்த்தையும் செத்தது என்று நாகராஜனிடம் சொல்வேன். அப்படியானால் அவன் மணையில் உட்காருவான் என்று சின்னபொண்ணு சொல்கிறாள். நான் செய்வேன் என்று உனக்குத் தெரியும். உன் அப்பா உயிரோடு இருந்தபோதே அவருடைய தம்பிக்குத் தலைமுழுகினவள் நான், அவன் இன்னும் கடலூரில் அறுபது வயதில் இருக்கிறான், எனக்கு அவன் இல்லை.

மருமகளுக்கும் முகம் பாராத என் பேத்திக்கும் என் ஆசீர்வாதம், நோய் நொடி இல்லாமல் நிறைய நாள் இருக்கட்டும். குழந்தைக்குச் சளி பிடித்தால் ஓமம் வறுத்துத் துணியில் கட்டி முகரக் கொடுக்கச் சொல், அந்த ஊரில் ஓமம் கிடைக்காவிட்டால் எழுது, அனுப்புகிறேன். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, எடுத்து வைத்திருக்கிறேன், காகிதம் வந்ததும் தருகிறேன். நீ எழுத வேண்டியதை நானே சொல்லிவிடுகிறேன், யோசிக்க வேண்டாம். பக்கிரி காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், நான் வெட்டினேன். எனக்கு ஆட்டம் தெரியாது, நாகராஜன் மூச்சு விடவில்லை. இந்த இரண்டு வரி போதும், கீழே கையெழுத்துப் போடு. மூன்றாவது வரி எழுதாதே, பொய் சொல்ல ஆரம்பிப்பாய்.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
தையலம்மாள்