தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நோய் தீர்ந்தது என்று ஆளை வெளியே விடும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் குறித்து

அனுப்புநர்:
வெள்ளையம்மா, க/பெ சின்னத்தம்பி,
மேட்டு லயம், ஒன்பதாங்கட்டைத் தோட்டம்,
சாஆ, ஜொகூர்.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
சிகாமட்.

பொருள்: இருமல் காய்ச்சல்காரர்களைக் குணமாகும் முன்பே தனிக் கொட்டகையிலிருந்து வெளியே விடுவதைத் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அதிகாரி ஐயா அவர்களுக்கு,

1. நான் இந்தத் தோட்டத்தில் ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டியவள். இப்போது மரவள்ளிக் காட்டில் களை எடுக்கிறேன். என் வீட்டுக்காரரைப் போன வருஷம் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள்; இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரைதான் படித்தேன். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணியிடம் மனு எழுதச் சொன்னால் டிரசருக்கு வலிக்காமல் எழுதிக் கொடுப்பார். அதனால் என் கையாலேயே எழுதுகிறேன். பிழைகளை ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. மழை தொடங்கியதிலிருந்து இங்கே இருமலோடு ஒரு விஷக்காய்ச்சல் பரவுகிறது. வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள தனிக் கொட்டகையில் வைக்கிறார்கள். வைப்பதை நான் குறை சொல்லவில்லை. டிரசர் தங்கராஜு அவர்கள் எப்போது, எப்படி வெளியே விடுகிறார் என்பதுதான் என் புகார்.

3. அம்மை போட்டவருக்கு முத்து உதிர்ந்தபின் வேப்பிலைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றி வீட்டில் சேர்ப்பது எங்கள் வழக்கம். அது அம்மைக்கு. விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டில் ஆள் குறைகிறது என்று கிராணி சத்தம் போட்டதும், டிரசர் அதையே இந்தக் காய்ச்சலுக்கும் எடுத்துக்கொண்டார். முதலில் காய்ச்சல் அடங்க ஒரு மாத்திரை கொடுப்பார். பிறகு வாளியில் வேப்பிலை போட்டுத் தலையில் ஊற்றச் சொல்வார். ஊற்றிய ஈரம் காயும் முன்பே நெற்றியில் கை வைத்து, “சில்லுன்னு இருக்கு பாரு. தண்ணி ஊத்தியாச்சு, எல்லாம் போயிருச்சு. நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு” என்பார். வாளித் தண்ணீர் ஊற்றிய நெற்றி சில்லென்று இல்லாமல் அடுப்புக்கல் மாதிரியா இருக்கும்? இதைக் கண்டுபிடிக்கத்தான் இவர் சிங்கப்பூர் போய்ப் படித்துவிட்டு வந்தாராம். கோயில் காரியம் போல் செய்ததால் லயத்து ஜனங்களும் நம்பிவிட்டார்கள்.

4. எங்கள் பக்கத்து வீட்டு மணியத்தை அப்படித்தான் விட்டார்கள். அன்று சாயங்காலமே அவனுக்கு உடம்பு மறுபடி கொதித்தது. மறுநாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பெரட்டில் நின்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஒண்டிக்கட்டை, சமைத்துப்போட ஆளில்லை. டிரசரே தீர்ந்தது என்று சொன்ன ஆளாயிற்றே என்று என் மூத்த மகள் அஞ்சலை அவனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். எங்கள் பலகைச் சுவர் கூரை வரை எட்டாது. அவன் இருமினால் எங்கள் பாயில் கேட்கும். பிறகு அதே இருமல் எங்கள் பாயிலேயே கேட்டது. மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோதும், “மணியம் மாமாவுக்குக் கஞ்சி குடுத்தாச்சா ம்மா?” என்று கேட்டாள். கொடுத்தாச்சு என்றேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

5. புதைத்துவிட்டு வந்து டிரசரிடம் நியாயம் கேட்டேன். “அதுக்கு ஆயுசு அவ்வளவுதான் வெள்ளையம்மா” என்றார். சொல்லும்போது கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டிருந்தார். நோய் போய்விட்டது என்று ஊருக்குச் சொல்கிற வாயை எதற்குப் பொத்த வேண்டும், ஐயா? அவருடைய பிள்ளைகளை மாசாயில் மாமியார் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. வேப்பிலைத் தண்ணீர் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. இவருக்கு அந்த வெள்ளைக் கோட்டு எதற்கு? வாளி தூக்குகிறவருக்குக் கோமணம் போதும்.

6. இப்போது என் இளைய மகள் செல்வராணி அந்தக் கொட்டகையில் கிடக்கிறாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். வருகிற வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றி வீட்டுக்கு விடப்போவதாக டிரசர் சொல்லியிருக்கிறார். நேற்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இருமி இருமிக் குனிந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி அழுதாள். எங்கள் வீட்டுக்கு மறுபக்கம் ராசம்மா பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். அந்தச் சிசுவுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

7. ஆகையால் ஐயா அவர்கள் தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்கு முன்பாக ஒரு நல்ல டாக்டரை அனுப்பிவைக்க வேண்டும். மாத்திரை இல்லாமல், தண்ணீர் இல்லாமல், காய்ச்சல் தானாக விட்டு, திரும்பி வராமல் இருக்கிறதா, இருமலும் மூச்சிரைப்பும் தணிந்ததா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகே யாரையும் வெளியே விட வேண்டும். பெரட்டுக்கு ஆள் வேண்டுமென்றால் கிராணியும் டிரசரும் வந்து நிற்கட்டும். இரண்டு பேருக்கும் கை கால் நன்றாகத்தான் இருக்கிறது.

என் மகளையும் அதுவரை விடக்கூடாது. பெற்றவளே இப்படி எழுதுகிறாளே என்று ஐயா நினைக்க வேண்டாம். அவள் வெளியே வருவதற்குப் பதிலாக என்னை உள்ளே விட உத்தரவு போடுங்கள். அவள் பக்கத்தில் நான் படுத்துக்கொள்கிறேன். உத்தரவு வராவிட்டால் வெள்ளிக்கிழமை கொட்டகை வாசலில் உட்கார்ந்திருப்பேன். டிரசர் வாளியோடு என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஐயாவின் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
வெள்ளையம்மா
(என் கையெழுத்து)

இடம்: ஒன்பதாங்கட்டைத் தோட்டம், சாஆ
நாள்: ஜப்பான் வருஷக் கணக்கில் 2604ஆம் ஆண்டு, நவம்பர் 20, திங்கட்கிழமை