ஏழாம் பாடத்துக்குச் சொந்தக்காரி

ஜூன் 3

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடுகு எழுதுகிறேன். உன் வீட்டுக்காரருக்கு முதுகுவலி தேவலையா? உனக்குப் பேராசிரியர் பதவியில் தலைக்கனம் ஏறாமல் இருக்கிறதா? இதை உட்கார்ந்துகொண்டு படி. நின்றபடி படித்து மயங்கி விழுந்தால், உன் உயரத்துக்கு அடி பலமாகப் படும்.

எனக்கு நேர்காணல் வந்திருக்கிறது. ஒரு கல்லூரியில். சீன மொழியும் பண்பாடும் கற்பிக்கிற விரிவுரையாளர் வேலைக்கு. கடிதத்தை நாலு தடவை படித்தேன். உறையின் மேல் வேறு யார் பெயராவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பெயர்தான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

ஓடு தொழிற்சாலையில் என்னை நிறுத்திவிட்டதை உனக்குச் சொன்னேனே. பதினாறு வருடம், வருகிற சீனப் பொறியாளர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் வாயாக இருந்தேன். போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, "இனிமே ஃபோனே மொழிபெயர்த்துக்கும்மா" என்று சொல்லிவிட்டார். பதினாறு வருடமும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துபோனது. ஆத்திரத்தில்தான் விண்ணப்பம் போட்டேன். கூப்பிடுவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி. இருபது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டுமாம். பிறகு பண்பாடு பற்றிக் கேள்விகள். பாடப்புத்தகத்தை அவர்களே அனுப்புகிறார்களாம். இப்போதைக்கு என் வீட்டுக்காரர்தான் மாணவர். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து பாடம் கேட்கிறார். ‘மாய்’ என்ற சொல்லின் தொனி இறங்கி ஏறினால் வாங்குவது, வெட்டினாற்போல் இறங்கினால் விற்பது என்று விளக்கினேன். "வாங்குறதும் விக்கிறதும் ஒரே சத்தமா? இவங்க எப்படிடி கடை நடத்துறாங்க?" என்கிறார். இவரைத் தேற்றிவிட்டால் எந்த வகுப்பையும் தேற்றிவிடலாம்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். கொஞ்ச நாளாக நீ ஃபோனில் ‘ம்’ கொட்டுவதோடு சரி. அதனால்தான் எழுதுகிறேன். எதைப் படிக்கட்டும்? என்ன கேட்பார்கள்? நீ இருக்கிற தைரியம்தான் எனக்கு.

அந்த நோட்டு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தொழிற்சாலையிலும் வீட்டிலும் காதில் விழுந்ததையெல்லாம் முப்பத்தொரு உரையாடலாக எழுதி, திருத்தித் தரச் சொல்லி உனக்கு அனுப்பினேனே, அதுதான். உன் வீட்டில் குழாய் உடைந்து அலமாரியே ஊறிப்போனால் நீ என்ன செய்வாய், பாவம். போனது போகட்டும்.

உடனே பதில் போடு.

உன்
கடுகு


ஜூன் 11

அன்புள்ள கடுகு,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம். பதில் தாமதமானதற்குத் திட்டாதே, தேர்வுத் தாள் திருத்துகிற வேலை.

கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன். உன் உச்சரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட நீ வேகமாகப் பேசுவாய், அது எனக்குத் தெரியும். ஆனால் நீ பேசுவது பட்டறைச் சீனம். "அந்த போல்ட்டை முடுக்கு, இந்த வால்வைத் திற" என்பது வேறு, கல்லூரி வேறு. பாராட்டினால் ‘நாலீ நாலீ’ என்று ஏன் சொல்கிறார்கள், அதற்கு நேர்ப்பொருள் ‘எங்கே, எங்கே’ என்று ஏன் வருகிறது, பணிவு எங்கே முடிந்து பாசாங்கு எங்கே தொடங்குகிறது, இப்படித்தான் கேட்பார்கள். எழுத்துகளின் கோட்டு வரிசையைப் பலகையில் தவறாமல் போட்டுப் பழகு. மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே எழுதாதே.

இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கல்லூரி உனக்கு வேண்டாமே. அங்கே அரசியல் அதிகம் என்று கேள்வி. நாற்பத்துநாலு வயதில் போய் அவமானப்பட வேண்டுமா? இரண்டு மாதம் பொறு. இங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் உனக்குப் பேசி வைக்கிறேன். அவர்கள் அனுப்புகிற புத்தகத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

வீட்டில் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
நெட்டை


ஜூன் 16

நெட்டை,

புத்தகத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொன்னாய். ஏன் என்று புரியாமல் பிரித்தேன். இப்போது புரிகிறது.

அட்டையில் உன் பெயர். அதன்கீழே மூன்று வரிசைக்கு உன் பட்டங்கள். முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது, சத்தியமாக. "இங்க பாருங்க, நம்ம நெட்டை புஸ்தகம் போட்டிருக்கா, சொல்லவே இல்ல பாருங்க" என்று அவரிடம் ஓடினேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். சீனத்துக்குக் கீழே தமிழும் இருக்கிறதல்லவா, பன்னிரண்டாம் பாடத்தில் நின்றுவிட்டார். தொந்தி பெருத்த பொறியாளர் ஒருவர் பேன்ட் தைக்க வருகிறார். தையற்காரர் சொல்கிறார்: "ஐயா, இடுப்பு எங்கே இருக்குன்னு முதல்ல நாம ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரலாம்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "இது நான் சொன்னதாச்சேடி" என்றார்.

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை, தரைதான் கிடைத்தது. பிறகு ஒவ்வொன்றாகப் படித்தேன். கேன்டீனில் தொனி பிசகியதால் சர்க்கரை கேட்டவருக்குச் சூப் வந்த கதை. மழையில் நனைந்த சிமென்ட் மூட்டைக்காக இரண்டு டிரைவர்கள் போட்ட சண்டை. முப்பத்தொன்றும் இருக்கின்றன. வரிசையைக்கூட நீ மாற்றவில்லை.

ஏழாம் பாடத்தைத்தான் எல்லோரும் நடத்திக் காட்ட வேண்டுமாம். ஏழாம் பாடம் எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூளை பொருத்த வந்த வயதான ஷிஃபு. கைத்தொழில் தெரிந்தவரை அவர்கள் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று என் நோட்டில் எழுதியிருந்தேன், உன் புத்தகத்திலும் அதே வாக்கியம். தினமும் மத்தியானம் கிடங்குப் படிக்கட்டில் உட்கார்ந்து மகளுக்கு ஃபோன் பண்ணுவார். "அப்பா, உன் ஆபீஸ்ல ஜன்னல் இருக்கா?" என்று அவள் கேட்பாள். "இருக்கு, பெரிய ஜன்னல்" என்பார். மூன்று படிக்குக் கீழே, டிபன் டப்பாவோடு உட்கார்ந்து அதைக் கேட்டவள் நான். நீ அந்தப் படிக்கட்டைப் பார்த்ததுகூடக் கிடையாது.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அழுகைகூட வரவில்லை, பார்த்துக்கொள். திகைப்பாகவே இருக்கிறது. இருபத்துநாலு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்ட கைக்கு இதைச் செய்ய வருமா?

ஒரே ஒரு கேள்வி. நோட்டு நனைந்ததா?

கடுகு


ஜூன் 20

அடியேய் கடுகு,

நனையவில்லை. குழாய் உடைந்தது நிஜம். அலமாரி வேறு அறையில் இருந்தது. உன் நோட்டு இப்போதும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இதை எழுத மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். திருடத்தான் திட்டம் போட்டேன் என்று நினைக்காதே. பாடப்புத்தகம் ஒன்று எழுதினால்தான் பதவி உயர்வு என்று துறைத் தலைவர் கழுத்தைப் பிடித்தார். நான் எழுதியதெல்லாம் செத்த மீன் மாதிரி இருந்தது. மாதிரிக்கு ஒன்றைக் காட்டலாமே என்று உன் உரையாடல் ஒன்றைக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இத்தனை நாள் இந்தத் திறமையை எங்கேம்மா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். ‘இது என் தோழி எழுதியது’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்த ஒரு நாள் சொல்லாமல் விட்டதுதான், கடுகு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. உன்னிடம் ஃபோனில் பேசக்கூட நாக்கு எழவில்லை. உன்னைப் போல் எழுத எனக்கு வராது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த முதல் நாளே அது எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. மனதைத் திடப்படுத்திக்கொள். இருபத்தெட்டாம் தேதி தேர்வுக் குழுவில் வெளியிலிருந்து வருகிற நிபுணர் நான்தான். உன் பெயர் பட்டியலில் இருந்ததைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது.

ஆனால் யோசித்துப் பார், இது நல்லதற்குத்தான். நீ வந்து ஏழாம் பாடத்தை நடத்து. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். முழு மதிப்பெண் போடுகிறேன். நாம் ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். தெரிந்தால் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. வேலை உனக்குத்தான். உன்னிடமிருந்து எடுத்ததற்கு இப்படியாவது ஈடுகட்ட விடு.

நீ என் கடுகு. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

நெட்டை


ஜூன் 29

நெட்டை,

நேற்று நடந்ததில் பாதியை நீயே உட்கார்ந்து பார்த்தாய். மீதியை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வேறு யார் வாயிலிருந்தாவது உனக்கு வருவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் கிளம்பினேன். வேலை வேண்டும், நெட்டை. மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போக வேண்டும், அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. ‘வந்தமா, நடத்தினமா, போனமா’ என்று படியேறினேன். உன் கடிதத்தை மட்டும் ஏன் கைப்பையில் வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டாய். தெரியாதது போல் இருக்கச் சொல்லி நீயே எழுதியிருந்ததுதான். ஆனாலும் என் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்துவிட்டது.

பாடம் நன்றாகத்தான் போனது. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீன ஆசிரியை, அந்த வருகைப் பேராசிரியை, சீனத்தில் ஒரு சின்னக் கேள்வி கேட்டார். "சூளை பொருத்துகிற தொழிலாளிக்கு ஆபீஸ் ஏது? ஜன்னல் ஏது?" புத்தகத்தில் நீ அடிக்குறிப்பு போட்டிருந்தாய்: ‘தந்தை தம் அலுவலகத்தைப் பெருமையுடன் விவரிக்கிறார்.’ நான் அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. அந்த மனிதர் மகளிடம் ஆபீசில் வேலை என்று பொய் சொல்லியிருந்தார். சூளைச் சத்தம் ஃபோனில் கேட்டுவிடக் கூடாது என்றுதான் கிடங்குப் படிக்கட்டுக்கு வருவார். பேசி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். இதைத்தான் சொன்னேன்.

"இது புத்தகத்தில் இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர்.

"நான் அங்கே இருந்தேன். இதை எழுதினது நான்" என்றேன், சீனத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. அதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

கல்லூரி முதல்வர் உன் பக்கம் திரும்பினார். அந்த ஒரு நொடி நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஏதாவது சொல்வாய் என்று நிஜமாகவே நம்பினேன். "பாவம், பதற்றத்துல பேசுறாங்க. இந்த அம்மாவை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல" என்று சொன்னாய். குரல்கூட நடுங்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

நான் வெளியே வந்துவிட்டேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கூட்டம் முடிந்து நீ பின்வாசல் வழியாகப் போனதைப் பார்த்தேன். சீன ஆசிரியை என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த மகளுக்கு எப்போது உண்மை தெரிந்தது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நான் உங்களை நம்புகிறேன். ஆனால் நம்பிக்கையை வைத்து நான் என்ன செய்ய? சாட்சி ஏதாவது இருக்கிறதா?" என்றார்.

கைப்பையைத் திறந்தேன். உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் விரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அவருக்குத் தமிழில் ‘வணக்கம்’ தவிர ஒன்றும் தெரியாது. "நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

பதினாறு வருடம் நான் செய்த தொழில் அதுதானே. மொழிபெயர்க்கிறவள் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். ‘அடியேய்’ என்பதற்குச் சீனத்தில் என்ன சொல்வேன்? மிக நெருக்கமானவர்கள் மட்டும் கூப்பிடுவது என்று சொல்லிவிட்டு மேலே போனேன். செத்த மீனைச் சொன்னேன். வாயைத் திறந்தும் வராததைச் சொன்னேன். ‘எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்’ என்று நீ எழுதியதையும் விடவில்லை. ‘இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு’ என்பதையும் சொன்னேன். உனக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. உன்னைக் கெட்டவளாக்கவும் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. குரல் ஓரிடத்தில்கூட உடையவில்லை. நேற்றிலிருந்து எனக்கு அதுதான் ஆச்சரியம். நான் இவ்வளவு கல்நெஞ்சுக்காரி என்று எனக்குத் தெரியாது.

பிறகு இருவரும் முதல்வர் அறைக்குப் போனோம். கடிதம் அவரிடம் இருக்கிறது. அவர் உனக்கு எழுதுவார், உன் கல்லூரிக்கும் எழுதுவார். புத்தகத்தை இந்த வருடம் நிறுத்திவைக்கிறார்கள். குழுவில் உன் மதிப்பெண்ணைத் தள்ளிவிட்டுக் கூட்டிப் பார்த்தார்களாம், அப்போதும் நான்தான் முதலில் இருக்கிறேனாம். ஆகஸ்ட்டிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள், முதலில் ஒரு வருடத்துக்கு. நீ ஈடுகட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"அடுத்த பதிப்பில் இரண்டு பேர் பெயரும் போடலாமா?" என்று முதல்வர் கேட்டார். வேண்டாம், என் பெயர் மட்டும் போதும் என்றேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பு. உள்ளே கடிதம் எதுவும் வைக்காதே. வைத்தால் படித்துவிடுவேன்.

இப்படிக்கு
கடுகு