கீர்த்தி கட்டின ஊரில் நான் தோண்டின கிணறு

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

தங்கச்சி மகள் கீர்த்தி மூணு மாசமாகக் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு ஊர் கட்டி வந்தாள். சந்தை, கோட்டை, சத்திரம், உள்ளே குட்டி குட்டி மனுசங்க. "கிணத்துல மட்டும் தண்ணி வரலீங்க மாமா" என்றாள்.

"நகரு அம்மிணி. கிணறு தோண்டற போர் வண்டியில ஏழு மாநிலம் சுத்தினவன் உன் மாமன். பாறையிலயே தண்ணி எடுத்திருக்கேன்." உண்மையில் மூணு மாநிலம்தான்.

அவள் சாப்பிடப் போனாள். தோண்டத் தோண்டச் சிவப்பு எழுத்தில் இங்கிலீசில் ஏதோ வந்தது. படித்துப் பார்த்தவன் மாதிரி அதை மூடினேன். போர் வண்டிப் பழக்கம், இன்னும் பத்தடி போகலாம் என்று தோன்றியது. கீழேயிருந்து நெருப்புக் குழம்பு பொங்கி ஊர் முழுக்க எரிந்துவிட்டது.

அவள் ஓடி வந்தாள். "நான் தொடவே இல்லை சாமி, அதுவா ஆயிப்போச்சு" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த விளையாட்டு அப்படித்தானுங்க மாமா. நீங்க ஏனுங்க சங்கடப்படறீங்க?" என்று புது ஊர் ஒன்றை ஆரம்பித்தாள். "இதுல கிணறு எங்க வெக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். விரலை நீட்டி ஒரு இடத்தைக் காட்டினேன்.